மின்தடை அறிவிப்பைப் பார்த்து விறகு சேர்க்கிறேன்

நாளிதழில் மின்தடை அறிவிப்பு வந்தால், தண்ணீர்த் தொட்டியை எப்போது நிரப்புவது, மாவை எப்போது ஆட்டுவது என்று வீட்டுக்கு வீடு கணக்குப் போடுவார்கள். நான் டிராக்டர் ஓட்டும் பையனுக்குப் போன் போடுவேன். மாதாந்திரப் பராமரிப்பு என்று எந்தெந்த ஊர்ப் பெயர் போட்டிருக்கிறதோ, அங்கேதான் மறுநாள் மின்கம்பிக்கு மேல் சாய்ந்திருக்கும் வேம்பையும் புங்கனையும் வாகையையும் வெட்டித் தள்ளுவார்கள். மதியம் 2 மணிக்குப் போனால் கிளைகள் ரோட்டோரமாகக் கிடக்கும். மறுநாள் காலையில் போனால் பாதிதான் இருக்கும், மிச்சத்தை யாராவது டீக்கடைக்காரர் இழுத்துப் போயிருப்பார்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், போன மாதம் ஒரு நண்பர் தோட்டத்துக்கு வந்து குவியலைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு விறகும் இனாமாவா கிடைச்சுது?" என்று கேட்டார். ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

சாயல்குடிக்கும் நரிப்பையூருக்கும் இடையில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் தோட்டம். பனை, கொஞ்சம் தென்னை, இருபது முப்பது ஆடு. மாசி கடைசியில் பாளை சீவத் தொடங்கினால் ஆடி வரைக்கும் பதநீர் இறங்கும். எங்கள் பக்கம் பயினி என்போம். அதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவதுதான் வேலை. காய்ச்சுவது மதினி, அதாவது அண்ணன் மனைவி. நான் ஏற்பாட்டாளன்தான். அடுப்புக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று முடிவு செய்வது அவர்தான், இந்தப் பதிவில் வரும் பாதி அறிவு அவருடையது.

எவ்வளவு விறகு தேவைப்படும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கே அதைக் கணக்குப் போட்ட பிறகுதான் வயிறு கலங்கியது. பத்து லிட்டர் பயினி ஊற்றினால் பருவத்தைப் பொறுத்து ஒரு கிலோ, மிஞ்சிப் போனால் கொஞ்சம் கூடுதலாகக் கருப்பட்டி கிடைக்கும். அப்படியென்றால் கிட்டத்தட்ட 9 லிட்டர் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை நம்மூர் வெக்கையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக 70 கிலோ கலோரி, அதை ஆவியாக்க இன்னொரு 540. ஆகமொத்தம் ஒரு கிலோ கருப்பட்டிக்கு 5,500 கிலோ கலோரி. காய்ந்த விறகு ஒரு கிலோவில் 3,500-லிருந்து 4,000 வரை இருக்கிறது. அப்போது ஒன்றரைக் கிலோ விறகு போதுமே என்று தோன்றும். தோன்றட்டும். குழி வெட்டி மேலே தாச்சியை, அதாவது காய்ச்சுகிற அகன்ற சட்டியை, வைத்த பழைய அடுப்பில் நாங்கள் தராசு வைத்து நிறுத்துப் பார்த்தபோது 9 கிலோ போனது. மிச்சச் சூடெல்லாம் மதினி முகத்துக்கும் வானத்துக்கும்தான்.

பருவம் நன்றாக இருக்கும்போது ஒரு நாளைக்கு 300 லிட்டர் வரும். 30 கிலோ கருப்பட்டிக்கு 270 கிலோ விறகு. 100 நாள் ஓடினால் 27 டன். ஒரு சின்னத் தோட்டத்துக்கு 27 டன்! அப்பா காலத்தில் இந்தக் கணக்கே கிடையாது. காய்ந்த மட்டை, பன்னாடை, காவோலை, பாளை எல்லாம் பனையே கொடுத்துவிடும், போதாததற்கு உடைமரத்து முள்ளைக் கவைக்கம்பால் தள்ளிக்கொண்டு வருவார்கள். இப்போது மட்டையைத் தும்பு எடுப்பவர்கள் காசு கொடுத்து வாங்கிப் போகிறார்கள். காசு வருகிற மட்டையை யார் எரிப்பது?

சரி, இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்துகொண்டு விறகுக்கு என்ன பஞ்சம், கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேலம்தானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அது நல்ல விறகு, நின்று எரியும், தணலும் நிற்கும். (காமராஜர் காலத்தில் விமானத்திலிருந்து தூவினார்கள் என்று ஊரில் அடித்துச் சொல்வார்கள். 1877-லேயே ஜமைக்கா விதை சென்னை மாகாணத்துக்கு வந்துவிட்டது.) ஆனால் கமுதி, முதுகுளத்தூர், கடலாடி என்று சுற்றிலும் கரிமூட்டம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், தூர் பருத்த மரமெல்லாம் அவர்களுக்குத்தான் போகும். 2017-ல் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவு வந்தபோது எங்கு பார்த்தாலும் ஜேசிபி ஓடியது, விறகு ரோட்டில் கிடந்தது. வேரோடு பிடுங்காத இடத்திலெல்லாம் அடுத்த மழைக்கே துளிர்த்துக்கொண்டது. இப்போது நமக்குக் கிடைப்பது விரல் பருமன் முள்ளும் தடியும்தான். அதை வெட்டிக் கட்டுவதற்கு ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் அந்தக் கூலிக்கு விறகையே விலைக்கு வாங்கிவிடலாம்.

அதனால் முதல் வருஷம் விலைக்கு வாங்கினேன். மரம் வெட்டிக் கழிக்கும் ஒரு வியாபாரி, ஊர் பேர் வேண்டாம், "எல்லாம் கழிவு மரம் அண்ணாச்சி, டன் கணக்கில் தர்றேன்" என்றார். எடைமேடைச் சீட்டோடு மூன்று லோடு இறக்கினார். இறக்கும்போதே அடிமரத் துண்டுகளின் வெட்டுவாயில் ஈரம் பளபளத்தது, நான்தான் பார்த்தும் பார்க்காதவன் மாதிரி நின்றேன். பச்சை மரத்தில் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஒரு டன்னுக்குக் காசு கொடுத்து, காய்ந்த பிறகு அறுநூறு அறுநூற்றைம்பது கிலோதான் கைக்கு வந்தது. தண்ணீரை விலைக்கு வாங்கி, அதை வைத்து இன்னொரு தண்ணீரை ஆவியாக்கப் பார்த்திருக்கிறேன். அதிலும் பாதி தென்னந்தூர். தென்னை அடிமரம் உள்ளுக்குள் பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், வெளியே காய்ந்த மாதிரி காட்டும், அடுப்பில் வைத்தால் சீறும், புகையும், கடைசியில் ஒரு கூடைச் சாம்பல் தரும்.

அன்றைக்குத் தொட்டு ஒரே கட்டுப்பாடு: எடைக்கு வாங்குவதில்லை. வாங்கினால் லோடுக்கு, அதுவும் நேரில் போய்ப் பார்த்து.

மின்வாரியக் கிளைகள் பக்கம் போனது தற்செயல்தான். ஐப்பசி மழைக்கு முன்னால், ஆவணி புரட்டாசியில் எங்கள் தோட்டத்து முகப்பிலேயே வேப்பங்கிளைகளை வெட்டிப் போட்டார்கள். அப்புறப்படுத்த ஆள் இல்லை, நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். வெட்ட வந்த ஒப்பந்த ஆட்களின் மேஸ்திரிக்கு அது பெரிய நிம்மதியாகப் போனது. அவர் தலைவலியே வெட்டியதை எங்கே போடுவது என்பதுதான். வெட்டுவது ஒரு மணி நேர வேலை, ஒதுக்குவதும் ஏச்சு வாங்குவதும் அரை நாள் வேலை. "அடுத்து எங்க வேலை?" என்று கேட்டேன். "பேப்பர்லயே போடுவாங்களே அண்ணாச்சி" என்றார். நாற்பது வருஷமாகப் பேப்பர் படிக்கிற எனக்கு அது உறைக்கவே இல்லை.

ஆனால் ரோட்டில் கிடக்கிறது என்பதற்காக அள்ளிவிடக் கூடாது. வீட்டு மரத்துக் கிளை வீட்டுக்காரருடையது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், பெரும்பாலும் "வாசலைக் கூட்டிக் கொடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்பார்கள். கூட்டிக் கொடுப்போம். புறம்போக்கிலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் நிற்கும் மரம் அரசாங்கத்துடையது, காற்றில் விழுந்தாலும் அப்படித்தான், ஏலம் விட்டுத்தான் கொடுப்பார்கள். ரோடு அகலப்படுத்தும்போது வெட்டிய புளியமரத்தைப் பார்த்து எனக்கும் கை அரித்தது, ஏலத்துக்குப் போனேன், செங்கல் சூளைக்காரர்கள் கேட்ட விலையைக் கேட்டுவிட்டு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். பட்ட பனையையும் சும்மா சாய்க்க முடியாது, மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். அது சரியானதும்கூட. கடலோரம் அலையாத்தி பக்கமெல்லாம் விறகு என்ற எண்ணத்தோடு திரும்பியே பார்க்கக் கூடாது.

இப்போது நான்கைந்து இடங்களிலிருந்து வருகிறது. மின்வாரியக் கிளை, தென்னந்தோப்புகளில் கழிக்கும் மட்டை, மர அறுவை மில்லில் ஒதுக்கும் பட்டைப்பலகை, பழைய வீடு இடிக்கிறவர்களின் உளுத்த பனங்கைகள், அதாவது கூரைக்குப் போட்ட பனஞ்சட்டங்கள். பனங்கை உளுக்காமல் இருந்தால் எரிக்க மனசு வராது, ஆட்டுக்கொட்டகைக்கு வைத்துக்கொள்வேன். உச்சிப்புளிப் பக்கம் தென்னை நிறைய என்றாலும் அங்கிருந்து கொண்டுவருவது கட்டுப்படியாகாது. கிளையோடு ஏற்றினால் டிராக்டர் டிப்பர் பார்வைக்கு மலை மாதிரி தெரியும், நிறுத்தால் ஒரு டன் கூடத் தேறாது, முக்கால்வாசி காற்று. அதனால் வெட்டின இடத்திலேயே நாலடி ஐந்தடியாகத் தறித்துத்தான் ஏற்றுகிறோம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் போனால் டீசல்தான் எரிகிறது, விறகு இல்லை.

இந்த விஷயத்தில் நான் கண்டுபிடித்த ஒரே பெரிய ரகசியம், நம் இடம் கொட்டுவதற்கு வசதியாக இருக்க வேண்டும் என்பதுதான். ரோட்டிலிருந்து வண்டி நேராக உள்ளே வந்து, திருப்பி, கொட்டிவிட்டுப் போக ஒரு மேட்டு நிலம். கேட்டுக்குப் பூட்டு இல்லை. வருகிற ஆட்களுக்குக் கருப்பட்டிக் காப்பி, பருவமாக இருந்தால் ஆளுக்கு ஒரு சொம்பு பயினி. மேஸ்திரிக்குப் பொங்கலுக்கு இரண்டு கிலோ கருப்பட்டி. இதெல்லாம் தயாரான பிறகு நான் தேடிப் போவது குறைந்துவிட்டது. அவர்களே போன் செய்கிறார்கள், சில சமயம் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

வேண்டாம் என்று சொல்லப் பழகியதுதான் கஷ்டமாக இருந்தது. இனாமாக வருவதை எப்படித் தள்ளுவது? ஒரு தடவை நாலுவழிச் சாலையின் நடுவில் வெட்டிய கழிவு என்று ஒரு மினி லாரி நிறையக் கொண்டுவந்தார்கள். பாதிக்கு மேல் அரளி. இலை ஆட்டுக்கு எமன், ஒரு கை தின்றாலே போதும். புகையும் நஞ்சு. திறந்த தாச்சியில் பண்டம் காய்ச்சுகிற அடுப்பில் அதை எப்படி வைப்பது? மதினி டிப்பரைக் கொட்டவே விடவில்லை. "தம்பி, இதை எடுத்துட்டுப் போகச் சொல்லு, இல்லன்னா நான் போறேன்" என்றார். டிரைவர் முனகிக்கொண்டே திரும்பிப் போனார், டீசலுக்கு நான்தான் கொடுத்தேன்.

படகு மரமும் அப்படித்தான். கடற்கரையில் உடைக்கிற பழைய வத்தை, வல்லப் பலகை பார்வைக்கு அருமையான விறகு, காய்ந்து கிடக்கும். ஆனால் பெயிண்ட், தார், சில சமயம் மேலே ஃபைபர் பூச்சு, மரத்துக்குள்ளே வருஷக்கணக்கில் ஊறிய உப்பு. உப்பு மரம் எரிந்தால் வரும் புகை தகரப் புகைபோக்கியைத் தின்றுவிடும், மூச்சுக்கும் கேடு. தீ நிறம் மாறி எரிவதைப் பார்க்கப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். பிளைவுட், மைக்கா ஒட்டிய பலகை எதுவும் உள்ளே வராது. திருகுகள்ளியும் வராது, அதன் பால் கண்ணில் பட்டால் தெரியும் சேதி.

நல்லது என்ன என்று கேட்டால், உடைமரம் முதல் தரம். பிறகு புளி, வேம்பு, புங்கன். சவுக்கு கிடைத்தால் கேட்கவே வேண்டாம், ஆனால் அதற்குக் காசு கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், கழிவாகக் கையில் வருவது நுனிக்கொம்பு மட்டும்தான். வாகையும் பூவரசும் பரவாயில்லை. முருங்கை, ஒதியம் எல்லாம் கணக்கிலேயே சேராது. ஒதி பெருத்தால் உத்தரத்துக்கு ஆகுமா என்பார்கள், அடுப்புக்கும் ஆகாது. காகிதம் மாதிரி பொசுக்கென்று போய்விடும். வேப்பம்புகை பட்டால் கருப்பட்டி கசக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. தாச்சி விளிம்பைச் சுற்றி மண் வைத்து அடைத்தால் ஒன்றும் ஆகாது என்று மதினி சிரித்தார்.

ரோட்டோர மரம் என்றால் இன்னொரு தொல்லை, ஆணி. டியூஷன் சென்டரில் தொடங்கி மூலம் பவுத்திரம் வரைக்கும் எல்லா விளம்பரத் தட்டியையும் மரத்தில்தான் அடிக்கிறார்கள், மரம் அதை விழுங்கிக்கொண்டு வளர்கிறது. என் பவர் ரம்பத்தின் சங்கிலி இரண்டு தடவை பல் போயிருக்கிறது. இப்போது அடிமரத்தை அறுப்பதற்கு முன்னால் தடவிப் பார்க்கிறோம், பட்டையில் கறுப்பாக ஒழுகின தடம் இருந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு அறுக்கிறோம்.

கொட்டிய முதல் இரண்டு நாள் ஆடுகளுக்குத் திருவிழா. வாகை, பூவரசு, வேம்பு இலையை அவையே உருவித் தின்று குச்சியைச் சுத்தமாக ஒதுக்கித் தந்துவிடும். அந்த வேலைக்கு ஆள் வைத்தால் கூலி என்ன? புங்கன் இலையை ஆடு அவ்வளவாகத் தொடாது, அது தென்னை மூட்டுக்குத் தழையாகப் போகும்.

காய வைப்பதில்தான் முதலில் தப்புக் கணக்குப் போட்டேன். புரட்டாசியில் வெட்டியது பங்குனியில் எரிந்துவிடும், ஆறு மாசம் போதாதா என்று. நடுவில் ஐப்பசி கார்த்திகை இருக்கிறதே. எங்கள் மாவட்டத்தில் வருஷத்துக்கே 800 மில்லிமீட்டர் சொச்சம்தான் மழை, ஆனால் அதில் பெரும்பகுதி அந்த இரண்டு மூன்று மாதத்திலேயே கொட்டிவிடும், வாடைக் காற்றும் கடல் ஈரத்தோடு வரும். தார்ப்பாயைப் போட்டு நாலா பக்கமும் இழுத்துக் கட்டியதில் உள்ளே வேர்த்து, கிளையெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. அந்த வருஷம் மதினி கண்ணைக் கசக்கிக்கொண்டே காய்ச்சினார். ஈர விறகில் போகும் நஷ்டம், அந்த ஈரத்தைக் காயவைக்கும் சூடு மட்டும் இல்லை. அடுப்பு சூடேறாமல் புகையாக மேலே போகிறதே, அந்தப் புகையே எரிந்திருக்க வேண்டிய விறகுதான்.

இப்போது வைகாசியிலிருந்து வீசும் கச்சானை, அதாவது மேல்காற்றை நம்புகிறோம். அந்தக் காற்றுக்குக் குறுக்காக, ஆள் உயரத்தில் நீள வரிசை, வரிசைக்கு நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடைவெளி. அடியில் உடைந்த கிணற்று உறைத் துண்டுகளும் ஹாலோபிளாக்கும், கரையானுக்காக. கை மணிக்கட்டைவிடப் பருத்ததைப் பிளந்தே அடுக்குகிறோம், ஏனென்றால் பட்டை மூடிய உருண்டை காயவே காயாது. மழைக்காலத்தில் மேலே மட்டும் தகரம், பக்கவாட்டில் திறந்தே இருக்கும். இந்த வருஷம் வெட்டியது ஒரு கச்சானைப் பார்த்த பிறகு அடுத்த வருஷத்துக்கு. ஆக எப்போதும் இரண்டு வருஷ விறகு கிடக்க வேண்டும், இடம் அடைக்கத்தான் செய்கிறது. காய்ந்ததா என்று பார்க்க, ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கட்டைக்குச் சுண்ணாம்பு தடவி வைத்திருக்கிறேன், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அதை மளிகைத் தராசில் நிறுப்பேன். எடை குறைவது நின்றால் காய்ந்தது. மதினிக்கு அதெல்லாம் தேவையில்லை, இரண்டு கட்டையை எடுத்துத் தட்டுவார். டங்கென்றால் சரி, பொத்தென்றால் திரும்ப வரிசைக்கு.

அடுக்கிலிருந்து எடுக்கும்போது கம்பால் தட்டிவிட்டு எடுக்க வேண்டும். சுருட்டை விரியன் எங்கள் பக்கம் அதிகம், விறகு இடுக்கு என்றால் அதற்குச் சொந்த வீடு மாதிரி. இரவில் விறகு எடுப்பதே இல்லை, மறுநாளுக்கு உள்ளதைச் சாயங்காலமே அடுப்படிக்குக் கொண்டுவந்துவிடுவோம்.

அடுப்பையும் மாற்றினோம், சுருக்கமாகச் சொல்கிறேன். குழியை நீட்டி, தாச்சிக்குப் பின்னால் இன்னொரு பாத்திரத்துக்கு வழி வைத்து, கடைசியில் புகைபோக்கி. போகிற சூட்டில் பின் பாத்திரத்துப் பயினி சூடேறிக்கொண்டிருக்கும். அடியில் கம்பிச் சட்டம் போட்டு சாம்பல் கீழே விழுகிற மாதிரி செய்ததில் காற்று நன்றாக இழுக்கிறது. காய்ந்த விறகும் இந்த அடுப்பும் சேர்ந்து 9 கிலோ 5 கிலோவாக இறங்கிவிட்டது. 27 டன் 15 டன் ஆனது. கழிவு மரத்தை மட்டும் வைத்து ஒரு பருவத்தை ஓட்ட முடியும் என்று நம்பிக்கை வந்ததே இதற்கு அப்புறம்தான். சாம்பலைத் தென்னைக்கு அளவாகப் போடுகிறோம். எங்கள் மண்ணே உவர், அள்ளிக் கொட்டினால் வேர்தான் கருகும்.

கடையில் கருப்பட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்கிறவர்களுக்கும் இந்த விறகுக் கணக்கைத்தான் சொல்வேன். பயினியில் சீனியைக் கொட்டினால் கிலோவுக்கு ஆவியாக்க வேண்டிய தண்ணீர் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். சீனி விலை குறைவு என்பதோடு விறகும் மிச்சம், நேரமும் மிச்சம். கலப்படத்துக்கு இது ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம். விறகு கையில் இருந்தால் அந்த ஆசை வராது என்று சொல்ல மாட்டேன், வராமல் இருக்க ஒரு வழி இருக்கும்.

நண்பர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். டிராக்டர் வாடகை, டீசல், தறிக்கிற கூலி, பிளக்கிற கூலி, ரம்பச் சங்கிலி, காப்பி, பொங்கல் கருப்பட்டி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். காய்ந்த விறகாக விலைக்கு வாங்கினால் ஆகும் தொகையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. என் உழைப்பை எழுதவில்லை, எழுதினால் அண்ணன் சிரிப்பார்.

நேற்றுத்தான் பேப்பரில் பக்கத்து ஊர்ப் பெயர் வந்தது. போன் போட்டேன். "அண்ணாச்சி, நாளைக்கு ஒரு பெரிய வாகை இருக்கு, கூடவே ஒரு முருங்கையும் இருக்கு, சேர்த்துத்தான் எடுக்கணும்" என்றார் மேஸ்திரி. மதினியிடம் முருங்கையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.